ஐப்பசிக்கு முன் பேட்: திருவல்லிக்கேணி ரிப்பேர் கடை பற்றி

புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் யாரும் உடனே கிளம்புவதில்லை. ஸ்டம்பைப் பிடுங்கி, கயிற்றுப் பாயைச் சுருட்டி, ஆணிகளை எண்ணி டப்பாவில் போட்ட பிறகும் பையன்கள் பவுண்டரி ஓரத்தில் உட்கார்ந்தே இருப்பார்கள். கடல் பக்கம் வானம் கறுத்திருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் இறங்கிவிடும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மைதானம் இனி பொங்கலுக்குத்தான் காயும். இங்கிலாந்தில் இலை பழுக்கும்போது சீசன் முடிகிறது, நமக்கு அடைமழையில். 2004 அக்டோபரில் சேப்பாக்கம் டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 229 எடுக்க வேண்டிய இந்தியா, விக்கெட் போகாமல் 19 என்று நின்றிருந்தது. ஐந்தாம் நாள் ஒரு பந்துகூட வீசவிடாமல் மழை அடித்துக்கொண்டு போனது. சேப்பாக்கத்துக்காரர்களுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மழை வந்ததும் பேட் கிட் பேக்குக்குள் போகிறது. வியர்வை ஊறிய க்ளவுஸ், ஈரமான கால் பேடு, சேறு ஒட்டிய ஷூ எல்லாவற்றோடும் சேர்த்து ஜிப்பை இழுத்துப் பரண்மேல் போட்டுவிடுகிறோம். தை பிறந்து வெளியே எடுத்தால் அடி நுனி உப்பிப் பிளந்திருக்கும், கிரிப்பில் பூஞ்சை பூத்திருக்கும், கையில் தூக்கினால் வேறு யாருடைய பேட்டோ போலக் கனக்கும். இதைத் தடுக்க ஆட்டம் முடிந்த வாரத்திலேயே பேட்டைச் சரியான கையில் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு கை திருவல்லிக்கேணியில், சேப்பாக்கம் மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

பெயர்ப் பலகை இல்லாத கடை. வாலாஜா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, எட்டடிக்குப் பத்தடி இடம். விற்பனை கிடையாது, ரிப்பேர் மட்டும். வாசலில் ஒரு மரப் பெஞ்சு, அதில் இரண்டு பிடிசிராய், சுவரில் உளிகளும் அரங்களும். வேலை பார்ப்பவரைச் சின்னப் பையன் முதல் நாற்பது வயதுக்காரர் வரை எல்லாரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு எல்லாரும் 'தம்பி'.

பேட்டைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் செய்வது எடை போடுவது. கிராம் காட்டும் மின்னணுத் தராசில் வைத்து, எண்ணைச் சீட்டில் எழுதி, பாதியைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். பெரிய கடைகளில்கூட இந்தப் பழக்கம் அபூர்வம். பேட்டின் உடல் நோயைச் சொல்லுவது எடைதான். 1,200 கிராம் பேட்டில் பந்தை அடிக்கும் பிளேடு மட்டும் 900 கிராம் அளவு இருக்கும். மரம் உலர்ந்திருக்க வேண்டிய அளவைவிட 4 சதவீதம் ஈரம் கூடுதலாக ஏறியிருந்தால், 30 கிராமுக்கு மேல் தண்ணீரைத்தான் தூக்கிக்கொண்டு ஆடுகிறீர்கள். அந்த 30 கிராமும் பெரும்பாலும் அடி நுனிப் பக்கம் சேர்வதால் கையில் அறுபதாகத் தெரியும்.

அடுத்து ஒரு கேள்வி: "எண்ணெய் போட்டீங்களா தம்பி? எப்ப?" போன வாரம் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னால் முகம் சுருங்கும். அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சீசன் முடிந்ததும் எண்ணெய் தடவி எடுத்து வை என்பது இங்கிலாந்துக்காரர்களின் அறிவுரை. அங்கே செப்டம்பர் கடைசியில் கவுண்டி ஆட்டங்கள் முடியும், பிறகு குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். அந்தக் காற்று வறண்டது. பேட் செய்யும் வில்லோ மரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி அதை நொறுங்க வைக்கும். அதனால் எண்ணெய் அங்கே காவல். சென்னையில் அதே மாதங்களில் காற்றே நனைந்து கிடக்கிறது. ஈரமான பேட்டின்மேல் எண்ணெய் பூசினால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி அடைபடும். அந்த ஈரம் அடி நுனியில் தங்கி மரத்தைக் கருக்க வைக்கும். முதலில் உலர்த்து, பிறகு எண்ணெய் காட்டு என்பது இந்தக் கடையின் வேலை வரிசை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைச் சிபாரிசு செய்யலாம்.

உலர்த்தும் முறையும் பார்க்க வேண்டியது. பழைய கிரிப்பை அறுத்து எறிந்துவிட்டு, துணி வளையங்களில் பேட்டைப் படுக்கைவாட்டில் தொங்கவிடுகிறார். வெயிலில் வைப்பதில்லை, ஹேர் டிரையர் காட்டுவதில்லை. வெளிப்பக்கம் வேகமாகச் சுருங்கி உள்பக்கம் சுருங்காமல் நின்றால் விரிசல் விழும். மூன்று நாளுக்கு ஒரு முறை எடை போடுகிறார். அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே எண் வந்தால் உலர்ந்தாயிற்று. வழக்கமாகப் பத்து நாள், நன்றாக நனைந்த பேட்டுக்கு இரண்டு வாரத்துக்கு மேல். மழை தொடங்கிய பிறகு கொண்டுவரும் பேட்டுகளுக்கு மூடிய மர அலமாரி ஒன்று வைத்திருக்கிறார். தரையில் 40 வாட் குண்டு பல்பு, அதற்கு இரண்டடி மேலே பேட்டுகள். அந்த இளஞ்சூடு இல்லாவிட்டால் கார்த்திகையில் எத்தனை நாள் தொங்கவிட்டாலும் எடை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது, ஏனென்றால் மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமமாகி நின்றுவிடும். அலமாரியில் எட்டு பேட்டுக்குத்தான் இடம். ஆகவே புரட்டாசியிலேயே கொடுப்பது நல்லது.

அடி நுனி வேலைதான் இங்கே அதிகம் வருகிறது. ஈரமான பேட்டிங் கிரீஸ் தரையில் பேட்டைத் தட்டிக்கொண்டே நிற்பது நம் எல்லாருக்கும் பழக்கம். வில்லோவின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அந்த நார்களின் வாய் அத்தனையும் அடி நுனியில்தான் திறந்திருக்கிறது. ஸ்ட்ரா வழியாக உறிஞ்சுவது போலத் தண்ணீர் மேலே ஏறும். நுனி உப்பும், யார்க்கர் ஒன்று பட்டால் நடுவே பிளக்கும். உலர்ந்த பிறகு பிளவை மெல்லிய கத்தியால் லேசாக அகட்டி, தச்சுவேலைப் பசையை உள்ளே இறக்கி, இருபுறமும் மரத்துண்டு வைத்துச் சி கிளாம்ப் போடுகிறார். அந்த மரத்துண்டு முக்கியம், கிளாம்ப்பின் இரும்பு நேராகப் பட்டால் மென்மையான வில்லோவில் குழி விழும். காய்கிற நாளில் 24 மணி நேரம், மழை நாளில் 48. தண்ணீர் கலந்த பசை காற்றில் ஈரம் இருந்தால் மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டு கிளாம்ப்பைக் கழற்றிய வேலை முதல் நெட் பயிற்சியிலேயே திறந்துகொள்ளும். தலைமுடி அளவு விரிசலுக்கு மட்டும் சூப்பர் க்ளூ. பிறகு 80, 120, 240 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்து, நுனியில் வார்னிஷ் இரண்டு பூச்சு, அதன்மேல் நுனியை மூடும் ரப்பர் டோ கார்டு.

ஈர நுனியில் டோ கார்டு ஒட்டித் தருவது பல இடங்களில் நடக்கிறது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆறு வாரம் கழித்து அந்த ரப்பரை உரித்தால் உள்ளே மரம் கறுத்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். ரப்பர் தண்ணீரை வெளியே நிறுத்தும் வேலையோடு உள்ளே இருப்பதை வெளியே விடாமலும் பிடித்து வைக்கிறது.

ஹேண்டில் மாற்றும் வேலைக்காகத் தாம்பரத்திலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ஆள் வருகிறார்கள், வரலாம். ஹேண்டிலைத் தோளோடு ஒட்டி அறுத்து, பிளேடுக்குள் 'வி' வடிவில் இறங்கியிருக்கும் பிரம்பை முதலில் துளை போட்டு, பிறகு உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுக்கிறார். பழைய பசை ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது, புதுப் பசை பழைய பசையின்மேல் பிடிக்காது. புது ஹேண்டிலின் ஆப்பை அந்தக் குழிக்கு ஏற்றபடி கையால் சீவுகிறார். சீவி, இறக்கிப் பார்த்து, கரித்தூள் தடவிய இடத்தில் எங்கே படுகிறது என்று கண்டு, மறுபடி சீவுகிறார். ஒரு பேட்டுக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. இந்தப் பொறுமை இல்லாதவர்கள் இடைவெளியைப் பசையால் நிரப்பிவிடுவார்கள். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு டிரைவ் ஆடும்போது மணிக்கட்டில் 'டிக்' என்று ஓர் அதிர்வு வரும். பசை நொறுங்கி ஆப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நேர்கோடும் கவனிக்க வேண்டியது. பேட்டின் முகம் லேசாக வளைந்திருப்பதால் ஹேண்டில் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். நட்டுக்குத்தலாக வைத்தால் தூக்கும்போது பேட் பின்னால் விழும். பாய் பழைய ஹேண்டிலை அறுப்பதற்கு முன்பே அந்தச் சாய்வை அட்டையில் வரைந்து வைத்துக்கொள்கிறார். நூல் சுற்று மிக அழுத்தம். பசை தடவிய ஹேண்டிலில் கீழிருந்து மேலாக, ஒரு சுற்றின்மேல் அடுத்தது ஏறாமல். விரலால் தள்ளிப் பாருங்கள், நகராது.

முகத்தைத் தேய்ப்பதில் அவர் கஞ்சன், அது நல்லதே. சிவப்புப் பந்துத் தடம் போகட்டும் என்று இழைப்புளி போடச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர் மறுத்துவிடுகிறார். பேட் செய்யும்போது உருளையில் கொடுத்து அழுத்திக் கெட்டிப்படுத்திய மேல்தோல்தான் அடி வாங்குகிறது. அதைச் சீவி எடுத்தால் அடியில் இருப்பது பஞ்சு போன்ற மரம், புதுப் பேட் போல மறுபடி மணிக்கணக்கில் சுத்தியல் தட்ட வேண்டி வரும். 180 உப்புத்தாளில் லேசாக ஒரு கை, அவ்வளவுதான் அவர் செய்வது. தடங்கள் இருக்கட்டும். அவை அந்த சீசனின் கணக்கு.

எண்ணெய் கடைசியில். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய், பேட்டுக்கு ஒரு டீஸ்பூன். முகம், ஓரங்கள், பின்பக்கம். ஹேண்டில் இறங்கும் பகுதியிலும் ஸ்டிக்கர்மேலும் படக் கூடாது, பசை இளகும். உரசல் படாமல் காக்கும் ஆன்டி ஸ்கஃப் ஷீட்டை முகத்தில் ஒட்டிய பேட்டுக்கு முகத்தில் எண்ணெயே தேவையில்லை. ஓர் இரவு படுக்கவைத்து, மறுநாள் துடைத்து, தேவைப்பட்டால் அரை ஸ்பூன். பெயின்ட் கடையில் கிடைக்கும் 'பாயில்டு' வகையை வாங்கிவிடாதீர்கள். சீக்கிரம் உலர்வதற்காக அதில் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். வீட்டில் நீங்களே போடுவதாக இருந்தால் இன்னொன்று: துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அது தேங்கித் தானாகவே தீப்பிடிக்கலாம். கொடியில் விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள். இந்தக் கடையில் அதற்கென்றே ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள்.

கூலி நியாயம். நூல் சுற்றி கிரிப் மாற்ற 300 ரூபாய் வாக்கில். நுனி வேலை, பிளவைப் பொறுத்து 500-லிருந்து 800. ஹேண்டில் 1,500-ல் தொடங்குகிறது, பிரம்பின் தரத்தைப் பொறுத்து ஏறும். உலர்த்துவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நல்ல இங்கிலிஷ் வில்லோ பேட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது யோசிக்க வேண்டிய தொகையே இல்லை. ஆனால் மூவாயிரத்துக்குள் வாங்கிய காஷ்மீர் வில்லோவுக்கு ஹேண்டில் மாற்றுவது வீண் செலவு, அதை அவரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். டென்னிஸ் பால் பேட் எடுப்பதில்லை.

குறைகளும் இருக்கின்றன. பேடு, க்ளவுஸ் தையல் இங்கே செய்வதில்லை, வாங்கி வேறு ஆளிடம் கொடுக்கிறார்கள். திரும்பி வருவது நைலான் நூலில் தைத்த வேலை. அந்த நூல் க்ளவுஸின் மெல்லிய தோலை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மெழுகு தேய்த்த பருத்தி நூலில் தைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள், அல்லது தோல் வேலைக்கு நேராகப் பெரியமேட்டுக்குப் போய்விடுங்கள். கிரிப் வகை இரண்டே இரண்டு. வரிவரியாக இருக்கும் ஷெவ்ரானும், சின்னக் குமிழ் வைத்த ஆக்டோபஸும். வேறு வேண்டுமென்றால் நீங்களே வாங்கிக்கொண்டு போனால் மரக் கூம்பில் ஏற்றிப் போட்டுத் தருவார். போன் எடுப்பதில்லை. தீபாவளிக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வாரம் கடை பூட்டியிருக்கும், அதைச் சீட்டில் எழுதுவதும் இல்லை. சொன்ன தேதியோடு பத்து நாள் கூட்டிக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் இந்தத் தாமதம் வலிக்காது. பங்குனியில், ஆட்டம் நடுவே இருக்கும்போது, வலிக்கும்.

விரிசல் விட்ட ஹெல்மெட்டை அவர் தொடுவதே இல்லை. வேகப் பந்து பலமாகப் பட்ட ஹெல்மெட்டை ஒட்டித் தரச் சொல்லாதீர்கள், மாற்றிவிடுங்கள். கிரில் திருகுகள் கடற்காற்றில் துருப்பிடித்திருந்தால் மட்டும் எவர்சில்வர் திருகு போட்டுக் கொடுக்கிறார். ஷூவின் ஆணிகளையும் அவரே கழற்றி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் திருப்பி முடுக்கிவிடுகிறார். மூன்று மாதம் கழற்றாமல் விட்டால் அவை ஷூவோடு ஒன்றாகிவிடும்.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே பாருங்கள். சீட்டில் இருக்கும் பழைய எடையோடு புது எடையை ஒப்பிடுங்கள், ஹேண்டில் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு கண்ணை மூடி ஹேண்டில் நுனியிலிருந்து அடி நுனி வரை கோடு பாருங்கள். பேட்டைத் தளர்வாகப் பிடித்து, மரச் சுத்தியலால் முகத்தில் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் ஓரிடத்தில் கணீரென்றும் அடுத்த இடத்தில் சொத்தென்றும் விழுந்தால் உள்ளே பிளவு இருக்கிறது. நன்றாகத் தேறிய பேட்டில் சத்தம் மெதுவாக உயர்ந்து, நடுப்பகுதியில் முழங்கி, பிறகு மெதுவாக இறங்கும்.

வீட்டில் அதைத் துணி உறையில் போட்டு, மர அலமாரிக்குள் படுக்கவைத்து, பக்கத்தில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். பிளாஸ்டிக் உறை கூடாது, வெளிச்சுவரில் சாய்க்கக் கூடாது, கார் டிக்கியில் விடக் கூடாது. பேடுகளையும் க்ளவுஸையும் ஒரு வாரம் மின்விசிறிக் காற்றில் உலர்த்திய பிறகு தனியாக வையுங்கள், பேட்டோடு சேர்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மழை விட்டிருக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, பூஞ்சை தெரிந்தால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, ஒரு மணி நேரம் ஜன்னலோரம் வைக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் பேட்டைக் கையில் எடுத்து நாலு தடவை காற்றில் ஆடிப் பார்க்காதவர் யார் இருக்கிறார்கள்?

பழைய மதராஸில் பொங்கல் நாட்களில்தான் சேப்பாக்கத்தில் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி ஆட்டம் நடந்தது. மழை முடிந்து தரை இறுகும் பருவம் அது, இன்றும் மழைக்குப் பிந்தைய நம் ஆட்டங்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன. அதற்குள் பேட் ஆட்டத்துக்கு வந்திருக்க வேண்டும் என்றால் மார்கழி முதல் வாரத்துக்குள் கடையிலிருந்து வாங்கிவிடுங்கள். நுனி ஒட்டிய பேட்டை நாளுக்குப் பத்து நிமிடம், ஒட்டிய இடத்தைத் தொடாமல், சுத்தியலால் தட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பழைய பந்தில் லேசான கேட்ச் கொடுத்துப் பாருங்கள். நெட்டில் முதல் நாள் யார்க்கர் போட வேண்டாம் என்று பவுலரிடம் சொல்லிவிடுங்கள்.